மதர்போர்டின் சூடும் வோல்டேஜும்: லினக்ஸில் சென்சார் டிரைவரை ஏற்றிப் படிப்பது எப்படி

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திக் கல் எடுப்பார்களே, அந்த இடத்துக்கு அடுத்த அறையில் பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கிறது. சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி ஆனால் தானாக அணைந்துவிடும். பட்டறைக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு லினக்ஸில் ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, பொட்டிக்குள்ள நூத்தி இருபத்தேழு டிகிரி காட்டுது. தீப்பிடிச்சிருமா? இப்பத்தான் டேபிள் ஃபேன் வாங்கியாந்து வச்சேன், ஒரு டிகிரிகூட இறங்கலை.”

“அண்ணே, அந்த வரியில முன்னாடி என்ன பேரு போட்டிருக்கு, படிங்க.”

“ஆக்ஸ்டின் ஜீரோன்னு இருக்கு.”

ஆக்ஸ்டின் என்பது கூடுதல் வெப்ப உணரி ஒன்றை மாட்டுவதற்காக சிப்பில் விட்டிருக்கும் ஒரு கால். அவருடைய மதர்போர்டில் அந்தக் காலில் எதையும் இணைக்கவில்லை. ஒன்றும் மாட்டாத காலைப் படித்தால் 127 என்றோ, சில பலகைகளில் மைனஸ் எண்ணோ வரும். அதே திரையில் நாலு வரி கீழே பிராசஸரின் சூடு 97 என்று இருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் இடுக்கெல்லாம் சிமெண்ட் தூசி அடை அடையாக. சுத்தம் செய்து, புது தெர்மல் பேஸ்ட் வைத்ததும் அணைவது நின்றது.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முழுக்க அந்தத் திரைக்குள் இருக்கிறது. சிப் ஒரு எண்ணை அளக்கிறது. லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கும் டிரைவர் என்ற சிறு நிரல் அதைப் படித்துத் தருகிறது. ஆனால் அந்த எண் பலகையில் எந்தக் கம்பியைச் சேர்ந்தது என்று டிரைவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்து எழுதி வைப்பது நம் வேலை. டிரைவரை ஏற்றுவது பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் இந்த வேலைக்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டு குழம்பும் இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுகிறேன்.

யார் அளக்கிறார், யார் படிக்கிறார்

ஒரு மேசைக் கம்ப்யூட்டரில் சூட்டை அளப்பவர்கள் பல பேர். பிராசஸருக்குள்ளேயே உணரி உண்டு. இன்டெல் என்றால் கோர்டெம்ப் என்ற டிரைவரும், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் என்ற டிரைவரும் அதைப் படிக்கும். இவை பெரும்பாலும் கேட்காமலே ஏறிவிடும். என்விஎம்இ எஸ்எஸ்டியின் சூடு, 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னலிலிருந்து அதே வரிசையில் வருகிறது. சாட்டா ஹார்டு டிஸ்க்குக்கு டிரைவ்டெம்ப் என்று ஒன்று, அதே ஆண்டு மார்ச்சில் வந்த 5.6 கெர்னலில் சேர்ந்தது. அதை நாம் ஏற்ற வேண்டும்.

மின்னழுத்தமும் ஃபேன் வேகமும் வேறு இடத்திலிருந்து வருகின்றன. மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சிப் உண்டு. பழைய கீபோர்டு போர்ட், சீரியல் போர்ட் போன்றவற்றைக் கவனிக்கப் பிறந்த சிப், கூடவே வோல்டேஜ், வெப்பம், ஃபேன் மூன்றையும் அளக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பலகைகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது நுவோட்டான், ஐடிஇ இரண்டும்தான். நுவோட்டானுக்கு என்சிடி6775 என்ற டிரைவர், ஐடிஇ சிப்புகளுக்கு ஐடி87. பழைய வின்பாண்ட் சிப்புகளுக்கு டபிள்யூ83627 என்று தொடங்கும் டிரைவர்கள். வின்பாண்டின் இந்தப் பிரிவுதான் 2008-ல் பிரிந்து நுவோட்டான் ஆனது. ஃபின்டெக் சிப் இருந்தால் எஃப்71882எஃப்ஜி. டிரைவரின் பெயரில் இருக்கும் எண்ணை அப்படியே சிப்பின் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்சிடி6775 என்ற ஒரே டிரைவர்தான் 6776, 6779, 6791, 6798 என்று ஒரு குடும்பத்தையே பார்த்துக்கொள்கிறது.

லேப்டாப் கதை வேறு. அதில் இந்த வேலைகளை எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப் செய்யும், அதன் உள்விவரம் தயாரிப்பாளருக்குத்தான் தெரியும். திங்க்பேடுக்கும் டெல்லுக்கும் தனி டிரைவர்கள் கெர்னலில் உண்டு. மற்றவற்றில் பிராசஸர் சூடு, எஸ்எஸ்டி சூடு, பேட்டரி வோல்டேஜ் வந்தால் போதும் என்று இருந்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து தேடினால் ஒன்றும் கிடைக்காது, அங்கே சிப்பே இல்லை.

நிறுவுதல், தேடுதல்

உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து, சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எல்எம்-சென்சார்ஸ் என்று தட்டுங்கள். ஃபெடோராவில் ஆப்ட்டுக்குப் பதில் டிஎன்எஃப், பெயரில் நடுக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு. எல்எம் என்பது நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியின் எல்எம்75, எல்எம்78 சிப்புகளின் பெயரிலிருந்து வந்தது. தொடக்க காலத்தில் அவற்றைப் படிக்கத்தான் இந்தத் திட்டம் எழுந்தது.

நிறுவியதும் சென்சார்ஸ் என்று மட்டும் தட்டிப் பாருங்கள். பிராசஸர் வரிகள் மட்டும் வரும். வோல்டேஜ் வராது. இப்போது சூடோ சென்சார்ஸ்-டிடெக்ட்.

இது வரிசையாகக் கேள்வி கேட்கும். ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் எஸ், நோ இரண்டும் இருக்கும். எது பெரிய எழுத்தில் இருக்கிறதோ அதுதான் என்டர் தட்டினால் எடுத்துக்கொள்ளப்படும் பதில். முதலில் பிராசஸர், அப்புறம் சூப்பர் ஐஓ. இந்த இரண்டுக்கும் தயங்காமல் என்டர் தட்டலாம். சூப்பர் ஐஓவைத் தேடும்போது அது 2இ, 4இ என்ற இரண்டு போர்ட் முகவரிகளில் தட்டிப் பார்க்கும். சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும்.

கடைசியாக, சிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஐ2சி, எஸ்எம்பஸ் பாதைகளைத் தேடவா என்று கேட்கும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தப் பாதையில் ரேம் அட்டையின் விவரச் சிப் உட்பட வேறு பல சிப்புகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் ஐபிஎம் திங்க்பேடு சிலவற்றில் இந்தத் தேடல், உள்ளே இருந்த நினைவகச் சிப்பின் தகவலைக் கெடுத்துவிட்டது, லேப்டாப் திரும்ப எழவே இல்லை. அதற்கப்புறம் நிறையப் பாதுகாப்புச் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் சூப்பர் ஐஓ கிடைத்துவிட்டது என்றால் இந்தக் கேள்விக்கு நான் நோ என்றுதான் போடுவேன். வேண்டியது கைக்கு வந்த பிறகு மற்ற கதவுகளைத் தட்ட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும், கண்டுபிடித்த டிரைவர் பெயர்களை இட்சி மாட்யூல்ஸ் என்ற ஃபைலில் எழுதவா என்று கேட்கும் (இட்சிக்கு எழுத்து இ-டி-சி). புதியவர்கள் தவறுவது இங்கேதான். உபுண்டு, டெபியனில் இந்தக் கேள்விக்குப் பெரிய எழுத்தில் இருப்பது நோ. இதுவரை என்டர் தட்டிய கை இங்கேயும் என்டர் தட்டிவிடும். ஒன்றும் எழுதாமல் வெளியே வந்துவிடும். அடுத்த முறை கம்ப்யூட்டர் எழுந்ததும் “நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரலையே” என்று போன் வரும். எஸ் என்று ஒய்-இ-எஸ் மூன்றெழுத்தையும் முழுதாகத் தட்டுங்கள்.

உடனே பார்க்க வேண்டுமென்றால், சூடோ மோட்புரோப் என்சிடி6775. மோட்புரோப்புக்கு எழுத்து எம்-ஓ-டி-பி-ஆர்-ஓ-பி-இ. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரி வந்தால் ஏறிவிட்டது என்று பொருள். கெர்னல் என்ன சொன்னது என்பதை சூடோ டிமெஸ்ஜி கட்டளையில் பார்க்கலாம். எழுத்து டி-எம்-இ-எஸ்-ஜி. என்சிடி6779டி அல்லது அதற்கு இணையான சிப் இந்த முகவரியில் இருக்கிறது என்பதுபோல் ஒரு வரி இருக்கும். அந்த வரியை ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டி விடுங்கள். நான் பார்க்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஏற மறுத்தால்

இரண்டு விதமாக மறுக்கும். அப்படி ஒரு சாதனம் இல்லை என்று சொன்னால், சிப் வேறு குடும்பம் அல்லது உங்கள் கெர்னலுக்கு அந்த அடையாள எண் தெரியாது. கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். ஐடிஇயின் புது சிப்புகளில் இது அடிக்கடி நடக்கும். கெர்னலுக்கு வெளியே சிலர் பராமரிக்கும் ஐடி87 டிரைவரை, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் திரும்பக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாகச் சேர்க்கலாம், ஆனால் செக்யூர் பூட் போட்டிருந்தால் கையெழுத்தில்லாத மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் டிரைவர் ஃபைல்) ஏறாது. அடையாள எண்ணை வலியத் திணிக்கும் ஃபோர்ஸ்_ஐடி என்ற வழியும் இருக்கிறது. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

சாதனம் வேறு வேலையாக இருக்கிறது என்று சொன்னால் அது இன்னொரு சிக்கல். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பலகையின் சொந்த மென்பொருள் பயாஸ். அதில் மின்சாரத்தையும் சாதனங்களையும் கவனிக்கும் ஏசிபிஐ நிரல், அதே சிப்பின் முகவரியைத் தனக்கென எழுதி வைத்திருக்கிறது. டிமெஸ்ஜியில் முகவரி மோதுவதாக எச்சரிக்கை வரும். இணையத்தில் தேடினால் ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ் என்பதற்கு லாக்ஸ் என்று பூட் வரியில் போட்டுவிடு என்பார்கள். போட்டால் டிரைவர் ஏறும், உண்மைதான். ஆனால் கெர்னல் ஏன் தடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சூப்பர் ஐஓவில் முதலில் ஒரு போர்ட்டில் எந்த ரிஜிஸ்டர் (சிப்புக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கும் அறை) வேண்டும் என்று எழுத வேண்டும், அப்புறம் அடுத்த போர்ட்டில் மதிப்பைப் படிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பயாஸ் நிரல் புகுந்து வேறு ரிஜிஸ்டரைக் குறித்துவிட்டால், நீங்கள் வெப்பம் என்று படிப்பது ஃபேன் வேகமாக இருக்கும். படிப்பதோடு போனால் பரவாயில்லை. தப்பான ரிஜிஸ்டரில் எழுதிவிட்டால் ஃபேன் நின்றுவிடக்கூடும்.

எனக்கு வாடிக்கையாக வேலை வரும் இடங்களில் இந்த வரியை நான் போட்டுத் தருவதில்லை. சொந்தக் கம்ப்யூட்டரில், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம். அசுஸ் பலகை என்றால் அதற்கும் தேவையில்லை. 2022 மார்ச்சில் வந்த 5.17 கெர்னலிலிருந்து, பல அசுஸ் பலகைகளில் என்சிடி6775 டிரைவர் பயாஸ் வழியாகவே சிப்பைப் படிக்கும். சண்டை இல்லாமல் வேலை நடக்கும். அதனால் முதல் மருந்து எப்போதும் புதிய கெர்னல்தான்.

எண்களைப் படிப்பது

டிரைவர் ஏறியதும் /சிஸ்/கிளாஸ்/எச்டபிள்யூமான் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு உள்ளடைவு தோன்றும். எச்-டபிள்யூ-எம்-ஓ-என், ஹார்டுவேர் மானிட்டரிங் என்பதன் சுருக்கம். எச்டபிள்யூமான்0, எச்டபிள்யூமான்1 என்று எண்கள் வரும். இந்த எண்கள் நிலையானவை அல்ல. டிரைவர்கள் ஏறும் வரிசை மாறினால் எண்ணும் மாறும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எண்ணை நம்பாமல், உள்ளே இருக்கும் நேம் என்ற ஃபைலைப் படித்து, இது எந்த சிப் என்று உறுதிசெய்துகொண்டு மேலே போக வேண்டும்.

உள்ளே டெம்ப்1_இன்புட் என்ற ஃபைலை கேட் கட்டளையால் திறந்தால் 45000 என்று வரும். 45 டிகிரி செல்சியஸ், ஆயிரத்தால் பெருக்கியது. இன்0_இன்புட் மில்லிவோல்ட்டில் வரும், 1104 என்றால் 1.104 வோல்ட். ஃபேன்1_இன்புட் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. பிடபிள்யூஎம்1 என்பது ஃபேனுக்குக் கொடுக்கும் அளவு, 0 முதல் 255 வரை. முன்னால் சொன்னவற்றைப் படிக்க மட்டுந்தான் முடியும். பிடபிள்யூஎம்மில் எழுதவும் முடியும், ஆகவே முதல் மாதம் அதன் பக்கம் போகாதீர்கள்.

எல்லா சிப்புக்கும் எல்லா டிரைவருக்கும் இதே பெயர்கள், இதே அலகுகள். கெர்னலின் இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒழுங்குதான். பத்து ரூபாய் சிப்பானாலும் சர்வர் பலகையானாலும் டெம்ப்1_இன்புட் என்றால் மில்லிடிகிரிதான்.

பிராசஸர் சூட்டைப் பற்றி இரண்டு விஷயம். இன்டெலின் உணரி, உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதம் இருக்கிறது என்பதைத்தான் தருகிறது. பல சிப்புகளில் வரம்பு 100. மீதம் 40 என்றால் கோர்டெம்ப் கழித்து 60 என்று காட்டும். ஏஎம்டியில் டிசிடிஎல் என்று ஒரு வரி வரும். அது ஃபேனைக் கட்டுப்படுத்துவதற்கான அளவுகோல், உண்மையான சூடாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ரைசன் 7 1800எக்ஸில் 20 டிகிரி கூட்டியும், 2700எக்ஸில் 10 டிகிரி கூட்டியும் சொல்லும். அந்த மாடல்களில் டிடிஐஇ என்ற வரியும் வந்தால் அதைப் பாருங்கள்.

12 வோல்ட் ஏன் ஒரு வோல்ட்டாகத் தெரிகிறது

நுவோட்டான் சிப் வோல்டேஜை 8 பிட் எண்ணாக அளக்கிறது. ஒரு படி 8 மில்லிவோல்ட். 255 படி ஏறினாலும் 2.04 வோல்ட்தான். அப்படியானால் 12 வோல்ட்டை எப்படி அளப்பது? பலகை செய்கிறவர் இரண்டு ரெசிஸ்டரை வைத்துப் பிரித்து, சிறு பங்கை மட்டும் சிப்பின் காலுக்குக் கொடுக்கிறார். 11 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று என்றால் 12 வோல்ட் 1 வோல்ட்டாக இறங்கும். டிரைவருக்குத் தெரிவது அந்த 1 வோல்ட்தான். எந்த ரெசிஸ்டரைப் போட்டார்கள், எந்தக் காலில் 12 வோல்ட்டை இணைத்தார்கள் என்பது பலகைக்குப் பலகை மாறும். சிப்பைப் பார்த்து அதை அறிய வழியே இல்லை.

அதனால்தான் திரையில் இன்1, இன்4, இன்5 என்று பெயரில்லாத வரிகள். நுவோட்டானில் சில கால்கள் மட்டும் எங்கும் ஒன்றே. இன்0 பிராசஸர் வோல்டேஜ், இன்3 என்பது 3.3 வோல்ட், இன்7 அணைத்த நிலையிலும் ஓடும் 3.3 வோல்ட், இன்8 பயாஸ் பேட்டரி. மற்றவற்றுக்கு இப்படிச் செய்யுங்கள்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து பயாஸுக்குள் போங்கள். அங்கே ஹார்டுவேர் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும். 12 வோல்ட், 5 வோல்ட் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பயாஸ் எழுதியவருக்குத் தன் பலகையின் ரெசிஸ்டர் தெரியும், ஆகவே அந்த எண்ணை நம்பலாம். திரும்ப லினக்ஸுக்கு வந்து, பெயரில்லாத வரிகளில் எதைப் பெருக்கினால் அந்த எண் வருகிறது என்று பாருங்கள். இன்5 என்பது 1.01 என்று இருந்து, பயாஸ் 12.1 சொன்னால், பெருக்க வேண்டியது 12.

இதை மல்டிமீட்டரால் உறுதிசெய்ய வேண்டும். பெட்டிக்குள் நீண்டிருக்கும் நான்கு முள் மோலெக்ஸ் இணைப்பில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு இரண்டும் கிரவுண்ட். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் பிடியுங்கள். மீட்டரின் ஊசிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது, அணைத்த பிறகும் அதற்குள் இருக்கும் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் மின்சாரம் நிற்கும்.

நான் இந்தப் படியைத் தவறவிட்டு ஒரு குடும்பத்துக்கு வீண் செலவு வைத்தேன். தேவகோட்டையில் ஒரு வீடு. அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது என்றார்கள். திரையில் 12 வோல்ட் வரியில் 10.2 என்று இருந்தது. பவர் சப்ளை போய்விட்டது என்று சொல்லி மாற்றச் சொன்னேன். புதியதை மாட்டிய பிறகும் 10.2. அப்போதுதான் மீட்டரை எடுத்தேன், 12.1 காட்டியது. வேறு பலகைக்கு எழுதிய பெருக்கல் எண்ணை இணையத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் ரேம் அட்டை. அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மீட்டர் இல்லாமல் வோல்டேஜ் பற்றி வாய் திறப்பதில்லை.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும் இடம் /இட்சி/சென்சார்ஸ்.டி என்ற அடைவு. அங்கே உங்கள் பலகையின் பெயரில் ஒரு ஃபைல், பெயர் முடிவில் புள்ளி கான்ஃப். முதல் வரியில் சிப் என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் என்சிடி6779-* என்று போடுங்கள். அடுத்து லேபிள் இன்5, மேற்கோளுக்குள் +12வி. அடுத்து கம்ப்யூட் இன்5 @*12, @/12. முன்னது படிக்கும்போது செய்ய வேண்டிய கணக்கு, பின்னது வரம்பை எழுதும்போது செய்ய வேண்டியது. ஒன்றும் மாட்டாத கால்களுக்கு இக்னோர் டெம்ப்3 என்பதுபோல் ஒரு வரி. அந்த ஆத்தங்குடி 127 இப்படித்தான் திரையிலிருந்து போனது.

பவர் சப்ளையின் 12, 5, 3.3 வோல்ட் வரிகள் வழக்கமாக 5 சதவீதம் ஏறி இறங்கலாம். 12-க்கு 11.4 முதல் 12.6 வரை. மீட்டரும் சென்சாரும் சேர்ந்து இதற்கு வெளியே காட்டினால் அப்போது பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள்.

ஆச்சி வீட்டுக் கடிகாரம்

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில். பட்டாலையில் ஒரு கம்ப்யூட்டர், வீடியோவில் பேரனைப் பார்க்க. ஒவ்வொரு காலையும் தேதி பழசாகிவிடுகிறது, இணையப் பக்கங்கள் திறக்க மாட்டேன் என்கின்றன.

“ஏப்பா, வைரஸ் புகுந்திருச்சாம்ல? பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லுது.”

“இல்லை ஆச்சி, பொட்டிக்குள்ள ஒரு ரூபா காசு மாதிரி பேட்டரி இருக்கு, அது முடிஞ்சுபோச்சு.”

திறக்காமலே தெரிந்தது, பயாஸ் பேட்டரியைக் காட்டும் விபேட் வரியில் 2.4. அந்தப் பேட்டரி சிஆர்2032, புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல். காரைக்குடிப் பிள்ளைகளுக்குப் பேட்டரி புதிதல்ல, மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்று 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி நம் ஊரில்தான் இருக்கிறது. இந்த லித்தியம் காசு பேட்டரியின் குணம் என்னவென்றால், ஆயுளில் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், கடைசியில் சடாரென்று விழும். ஆகவே 2.9 என்றால் பாதி தீர்ந்தது என்று கணக்குப் போட முடியாது. 2.7-க்குக் கீழே பார்த்தால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது வாங்கி மாற்றிவிடுங்கள். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் தீரும், மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவதால் கடிகாரம் முழுக்க இந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது.

எல்லாரும் கேட்கும் இன்னொரு கேள்வி. “சாயங்காலம் கரண்ட் 180-க்கு இறங்குது, அது சென்சாரில் தெரியுமா?” தெரியாது. சிப் பார்ப்பது பவர் சப்ளைக்கு அந்தப் பக்கம் வரும் டிசியை மட்டும். சுவரில் 230 ஆனாலும் 200 ஆனாலும் நல்ல பவர் சப்ளை 12-ஐ 12-ஆகவே வைத்திருக்கும், தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் ஒரேயடியாக அணைந்துவிடும். சுவர் வோல்டேஜைக் கண்காணிக்க வேண்டுமானால் யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகி, நட் என்ற மென்பொருளை நிறுவுங்கள். உள்ளே வரும் வோல்டேஜை யுபிஎஸ் அளந்து தந்தால் அப்ஸ்சி கட்டளையில் வரும், எழுத்து யு-பி-எஸ்-சி.

ஒரு சிப்பைக் கையில் பிடித்துப் பார்க்க

இதுவரை செய்ததெல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்கும் சிப். டிரைவர் என்ன செய்கிறது என்பது மனதில் பதிய வேண்டுமானால் எல்எம்75 சிப் வைத்த சின்னப் பலகை ஒன்று வாங்கி, ராஸ்பெரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் கேட்டு வந்தால் நான் முதலில் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

பையை அணைத்துவிட்டு, 1-ஆம் முள்ளிலிருந்து 3.3 வோல்ட், 3-லிருந்து எஸ்டிஏ (தகவல் கம்பி), 5-லிருந்து எஸ்சிஎல் (கடிகாரக் கம்பி), 6-லிருந்து கிரவுண்ட் என்று பலகைக்கு இணையுங்கள். பையின் அமைப்புப் பக்கத்தில் ஐ2சியை இயக்குங்கள். ஐ2சி-டூல்ஸ் நிறுவி, சூடோ ஐ2சிடிடெக்ட் -ஒய் 1 என்று தட்டினால் கட்டம் கட்டமாக ஒரு படம், அதில் 48 என்று ஒரு எண். எல்எம்75-ன் மூன்று முகவரிக் கால்களும் கிரவுண்டில் இருந்தால் முகவரி பதினாறடிமான எண்ணில் 48. வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளையை ஓட்டாதீர்கள், காரணம் மேலே திங்க்பேடு கதையில் சொன்னதுதான். பையின் இந்தப் பாதையில் நாம் மாட்டியது மட்டும் இருப்பதால் பயமில்லை.

அந்த முகவரியில் என்ன சிப் இருக்கிறது என்று ஐ2சி பாதையால் சொல்ல முடியாது. நாம்தான் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். எக்கோ எல்எம்75 0எக்ஸ்48 என்று தட்டி, குழாய்க்கோடு (|) போட்டு, சூடோ டீ /சிஸ்/பஸ்/ஐ2சி/டிவைசஸ்/ஐ2சி-1/நியூ_டிவைஸ் என்று கொடுங்கள். மறுபடி ஐ2சிடிடெக்ட் ஓட்டிப் பார்த்தால் 48 இருந்த இடத்தில் யுயு என்று இருக்கும். டிரைவர் அந்த சிப்பைப் பிடித்துக்கொண்டது என்பதற்கு அடையாளம். எச்டபிள்யூமான் அடைவில் புது எண் ஒன்று முளைத்திருக்கும்.

டெம்ப்1_இன்புட்டைப் படியுங்கள். 33500 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சிப்புக்குள் இருப்பது 67. அதற்கு ஒரு படி அரை டிகிரி. 67-ஐ எடுத்து, பாதியாக்கி, மில்லிடிகிரியாக மாற்றி, எல்லாருக்கும் பொதுவான பெயரில் ஃபைலாக வைத்தது டிரைவர். அவ்வளவுதான் அதன் வேலை. டெம்ப்1_மேக்ஸ் என்பது 80000 என்று இருக்கும், சிப் பிறக்கும்போதே வைத்துக்கொண்டு வரும் எச்சரிக்கை வரம்பு. கெர்னல் மூல நிரலில் டிரைவர்ஸ், எச்டபிள்யூமான் அடைவில் எல்எம்75.சி என்ற ஃபைலைத் திறந்து, இந்த எண்கள் எந்த வரியில் மாறுகின்றன என்று தேடுங்கள். சிப்பைக் கண்டதும் ஓடும் புரோப், மதிப்பைக் கேட்டால் ஓடும் ரீட், எந்த ஃபைலைக் காட்டலாம் என்று சொல்லும் இஸ்_விசிபிள், இந்த மூன்று இடத்தைப் புரிந்துகொண்டால் என்சிடி6775-ஐயும் படிக்கலாம். அது மிகப் பெரியது, ஆனால் எலும்புக்கூடு இதேதான்.

அப்புறம் பலகையை நீளக் கம்பியில் முற்றத்து ஓரம் வைத்துப் பாருங்கள், பட்டாலைக்குள் வைத்துப் பாருங்கள், மாடியில் தகரம் போட்ட அறையில் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் கம்பியை நீட்டாதீர்கள், ஐ2சி பாதை நீளம் தாங்காது, எண் குதிக்கத் தொடங்கும். சிப்பை விரலால் பிடித்தால் உடம்புச் சூட்டை நோக்கி அரை அரை டிகிரியாக ஏறுவது தெரியும். சிப்பின் துல்லியம் 2 டிகிரிக்குள்தான், ஆகவே வீட்டுத் தெர்மாமீட்டரோடு ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

பார்த்து முடிந்ததும் சிப்பைப் பிடுங்குவதற்கு முன், எக்கோ 0எக்ஸ்48 என்பதை அதே அடைவில் இருக்கும் டிலீட்_டிவைஸ் ஃபைலுக்கு அனுப்புங்கள். எச்டபிள்யூமான் எண் மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, பையை அணைத்து, அதன் பிறகு கம்பிகளைக் கழற்றுங்கள்.